பானத்தை விட்டார்கள், கூட்டத்தைத் தடுத்தார்கள்
சேர்வராயன் மலைக் காப்பியின் கதை – 9

செம்மநத்தத்துத் தோட்டங்களில் சில்வர் ஓக் நிழலில், மிளகுக் கொடிகளுக்கு ஊடே நிற்கும் காப்பிச் செடியின் பெயர் அராபிகா. அரபு நாட்டோடு அதற்கு உள்ள உறவு பெயரோடு முடிவதில்லை. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் ஏற்காட்டுக்குக் காப்பியைக் கொண்டுவந்ததைச் சென்ற பகுதிகளில் பார்த்தோம். அதற்கும் முன்னால், ஏமன் நாட்டிலிருந்து ஏழு விதைகளை மறைத்து எடுத்துவந்து சிக்கமகளூர் மலையில் ஊன்றியவர் பாபா பூதன் என்ற சூஃபி என்பது செவிவழிக் கதை. அவர் பெயர் தாங்கிய மலையில் முஸ்லிம்களும் இந்துக்களும் சேர்ந்து வணங்கிவந்த தலம் இன்று வழக்குகளுக்கு நடுவே இருக்கிறது. அதைத் தனியாக எழுத வேண்டும்.

இந்தப் பகுதியில் செடியை விட்டுவிட்டு, காப்பியைச் சுற்றி உட்கார்ந்தவர்களைப் பற்றிப் பேசப்போகிறேன். நாலு பேர் கூடி, யார் அனுமதியும் கேட்காமல் ஊர் விவகாரத்தையும் ஆட்சியையும் பேசும் இடத்தைப் 'பொதுவெளி' என்கிறார்கள் சமூகவியலாளர்கள். அப்படி ஒரு இடம் உலகில் எங்கே, எப்படி உருவானது என்ற ஆராய்ச்சியில் காப்பிக்கடை முக்கியமான சாட்சி. அந்தச் சாட்சியை லண்டனில் மட்டும் விசாரித்துவிட்டு நெடுங்காலம் தீர்ப்பு எழுதினார்கள் என்பதுதான் என் வருத்தம். முதல் விசாரணை நடந்திருக்க வேண்டிய ஊர் மக்கா.

பதினைந்தாம் நூற்றாண்டு ஏமனில் சூஃபிகள் இரவில் திக்ர் எனும் இறைநினைவு ஓதலுக்காகக் கண்விழிக்கக் காப்பி குடித்தார்கள். மோக்கா துறைமுகத்தில் அடங்கியிருக்கும் அலீ இப்னு உமர் ஷாதுலியின் பெயரோடும், ஏடனின் அறிஞர் தப்ஹானியின் பெயரோடும் இந்தப் பழக்கத்தின் தொடக்கத்தை இணைத்துச் சொல்கிறார்கள். கெய்ரோவில் அல் அஸ்ஹர் பள்ளிவாசலை ஒட்டித் தங்கியிருந்த ஏமன்காரர்கள் எப்படிக் குடித்தார்கள் என்பதை அப்துல் காதிர் அல் ஜஸீரி என்பவர் 1558 வாக்கில் விவரமாக எழுதிவைத்திருக்கிறார். திங்கள், வெள்ளி இரவுகளில் கூடுவார்கள். சிவந்த மண் பாத்திரத்தில் காப்பி இருக்கும். குழுவின் தலைவர் சிறு அகப்பையால் மொண்டு வலப்புறமாகச் சுற்றிவரக் கொடுப்பார். வாய் திக்ரைச் சொல்லிக்கொண்டிருக்கும். பெரியவர், சிறியவர் எல்லோருக்கும் ஒரே பாத்திரம், ஒரே அகப்பை. வெளியிலிருந்து வந்த பாமரர்களுக்கும் அங்கே இடமிருந்தது. காப்பி முதலில் கூடிக் குடிக்கும் பானமாகத்தான் உருவெடுத்தது.

அங்கிருந்து அது தெருவுக்கு வந்தது. தெருவுக்கு வந்ததும் வம்பும் வந்தது.

1511-ஆம் ஆண்டு. மக்கா அப்போது மம்லூக் சுல்தான்களின் ஆளுகையில் இருந்தது. சந்தையையும் பொது ஒழுக்கத்தையும் கண்காணிக்கும் முஹ்தஸிப் பதவியில் இருந்தவர் ஹைர் பேக். ஒரு வெள்ளி இரவு, புனிதப் பள்ளிவாசலின் ஓரத்தில் விளக்குகளோடு சிலர் கூடியிருப்பதைக் காண்கிறார். நபிகளாரின் பிறந்தநாளை முன்னிட்டுக் கூடியவர்கள். அவரைக் கண்டதும் விளக்கை அணைத்துவிட்டார்கள். சந்தேகம் வந்தது. அவர்கள் குடித்துக்கொண்டிருந்தது காப்பி; அது சாராயக் கடை போன்ற இடங்களில் விற்கப்படுகிறது, அங்கே ஆண்கள் கூடிச் சதுரங்கம் ஆடுகிறார்கள் என்றெல்லாம் அவருக்குச் சொல்லப்பட்டது. மறுநாளே ஊரின் சட்ட அறிஞர்களைக் கூட்டினார். காப்பியை ஒரு பெரிய பாத்திரத்தில் சபை நடுவே கொண்டுவந்து வைத்தார்கள், குற்றவாளியை நிறுத்துவதுபோல.

அறிஞர்களுக்குச் சிக்கல் இருந்தது. குர்ஆனில் காப்பி இல்லை. பூமியில் விளைந்தது எதுவும் அடிப்படையில் அனுமதிக்கப்பட்டது என்பது சட்டத்தின் பொது விதி. போதை தருமா, உடலைக் கெடுக்குமா என்று மருத்துவர்தான் சொல்ல வேண்டும். இரண்டு மருத்துவர்கள் கெடுதி என்று சாட்சி சொன்னார்கள். தடை வந்தது, மக்காவின் தெருக்களில் காப்பியைப் போட்டு எரித்தார்கள், விற்றவர்கள் அடி வாங்கினார்கள். தீர்ப்பின் நகல் கெய்ரோவில் சுல்தான் கான்ஸூ அல் கவ்ரியின் ஒப்புதலுக்குப் போனது.

அங்கிருந்து வந்த பதிலைத்தான் நான் பலமுறை படித்தேன். சுல்தானின் ஆணை காப்பியை ஹராம் என்று சொல்லவில்லை. மது அருந்துவதுபோல வட்டமாக உட்கார்ந்து கிண்ணத்தைச் சுற்றவிட்டுக் குடிப்பதைத்தான் அது கண்டித்தது. அப்படிக் குடித்தால் ஜம்ஜம் தண்ணீர்கூடத் தடுக்கப்பட்டதாகிவிடும் என்ற வாதம் அதில் இருந்தது. ஆக, வீட்டில் தனியாகக் குடிக்கத் தடையில்லை, கடைவீதியில் கூடிக் குடிக்கக் கூடாது. அதிகாரம் எதைக் கண்டு அஞ்சியது என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்லும் ஆவணம் பொதுவெளியின் வரலாற்றில் அதிகம் இல்லை என்பது என் எண்ணம். ஹைர் பேக் அடுத்த ஆண்டே பதவியிலிருந்து மாற்றப்பட்டார். மக்காவில் காப்பி மீண்டும் ஓடியது.

கெய்ரோவில் 1534-ல் இன்னும் பெரிய கலகம். சொற்பொழிவாளர் ஒருவர் காப்பிக்கு எதிராகப் பேச, கேட்டுக்கொண்டிருந்தவர்கள் எழுந்துபோய்க் காப்பிக்கடைகளை அடித்து நொறுக்கினார்கள். நகரம் இரண்டு கட்சியாகப் பிரிந்தது. நீதிபதி முஹம்மது இப்னு இல்யாஸ் அறிஞர்களின் கருத்தைக் கேட்டார். பிறகு வந்திருந்த எல்லோருக்கும் காப்பி கொடுக்கச் சொல்லி, அவர்கள் பேச்சு தடுமாறுகிறதா, நடத்தை மாறுகிறதா என்று நேரில் பார்த்தார். மாறவில்லை. அனுமதி என்று தீர்ப்பளித்தார். அல் ஜஸீரியின் நூலே இந்த நீண்ட விவாதத்தில் பிறந்ததுதான். காப்பி ஆகுமானது என்று வாதாட அவர் எழுதிய அந்த நூலில் எதிர்த்தரப்பின் வாதங்களும் பதிவாகியிருக்கின்றன. சட்ட அறிஞர், மருத்துவர், சூஃபி, கவிஞர், கடைக்காரர் என்று பலரும் ஒரு கேள்வியைச் சுற்றி நின்று, நூலாலும் மேடையாலும் தீர்ப்பாலும் வாதாடியிருக்கிறார்கள். பொதுவெளி என்பதற்கு இதற்கு மேல் என்ன இலக்கணம் வேண்டும்?

இஸ்தான்புல்லுக்குக் காப்பிக்கடை வந்தது 1554-55-ல். அலெப்போவைச் சேர்ந்த ஹகம், டமாஸ்கஸைச் சேர்ந்த ஷம்ஸ் ஆகிய இருவர் தஹ்தகலே பகுதியில் கடை திறந்தார்கள் என்று வரலாற்றாசிரியர் பெச்செவி எழுதுகிறார். ஒரு மூலையில் புத்தகம் வாசிப்பு, ஒரு மூலையில் சதுரங்கம், இன்னொரு பக்கம் புதுக் கவிதையைக் கொண்டுவந்து வாசித்துக் கருத்துக் கேட்கும் புலவர்கள். பதவி இழந்த நீதிபதிகளும் வேலை தேடும் ஆசிரியர்களும் அங்கே வந்தார்கள். பள்ளிவாசலுக்கு ஆள் குறைகிறது என்று இமாம்களும் முஅத்தின்களும் முறையிட்டார்கள். ஆட்சி பற்றிய பேச்சும் தொடங்கியது. ஒற்றர்கள் காப்பிக்கடைகளில் வந்து உட்கார்ந்தார்கள். 1633-ல் நகரத்தைப் பெருந்தீ விழுங்கிய கையோடு சுல்தான் நான்காம் முராத் காப்பிக்கடைகளை மூட உத்தரவிட்டார், புகையிலையையும் தடுத்தார். தீ ஒரு காரணம்தான். ஜானிசரிப் படைவீரர்கள் கூடிப் பேசுவது அவருக்குப் பெரிய அச்சமாக இருந்தது.

நாற்பத்திரண்டு ஆண்டு கழித்து லண்டனில் அதே நாடகம். 1652-ல் பாஸ்குவா ரோசே அங்கே முதல் காப்பிக்கடையைத் திறந்தார். துருக்கியிலிருந்து வந்த ஆங்கிலேய வணிகர் ஒருவரின் பணியாள் அவர். 1675 டிசம்பர் 29-ல் மன்னர் இரண்டாம் சார்லஸ், அரசைப் பற்றிப் பொய்ச் செய்தி பரப்பும் இடங்கள் என்று சொல்லிக் காப்பிக்கடைகளை மூட ஆணையிட்டார். எதிர்ப்பு தாங்காமல், தடை நடைமுறைக்கு வருவதற்கு முன்பே ஜனவரி 8-ல் அதை விலக்கிக்கொண்டார்.

ஜெர்மானிய அறிஞர் யூர்கன் ஹேபர்மாஸ் 1962-ல் பொதுவெளியின் அமைப்பு மாற்றம் பற்றிய நூலை வெளியிட்டபோது, லண்டன் காப்பிக்கடை அதில் நடுநாயகமாக இடம்பெற்றது. பிறப்பும் பட்டமும் பார்க்காமல், சொல்லும் வாதத்தின் வலிமையை மட்டும் பார்த்துப் பேசும் இடம் என்றார் அவர். சிறந்த நூல்தான், எனக்கு அதில் மதிப்பு உண்டு. ஆனால் அந்தக் கதையில் மக்கா இல்லை, கெய்ரோ இல்லை, தஹ்தகலே இல்லை. அவருக்கு முன்பே மாக்ஸ் வெபர், இஸ்லாம் போர்வீரர்களின் மதம், அதன் நகரங்களில் தன்னாட்சி வளரவில்லை என்று எழுதியிருந்தார். முஸ்லிம் சமூகத்தில் மேலே சுல்தான், கீழே குடிகள், நடுவில் எதுவுமில்லை என்ற படம் நெடுங்காலம் பாடப்புத்தகமாக இருந்தது.

பிரயன் டர்னர் 1974-ல் எழுதிய 'வெபரும் இஸ்லாமும்' நூல் அந்தப் படத்தைக் கேள்வி கேட்டது. 2002-ல் மிரியம் ஹோக்ஸ்டர், ஐசன்ஸ்டாட், நெகேமியா லெவ்ட்சியன் மூவரும் தொகுத்த நூல் நேராகவே முஸ்லிம் சமூகங்களின் பொதுவெளியைப் பற்றியது. நடுவில் எதுவுமில்லை என்று சொல்லப்பட்ட இடத்தில் அவர்கள் வக்ஃபு எனும் அறக்கொடையைக் காட்டினார்கள், தரீக்கா எனும் சூஃபி வழிமரபுகளைக் காட்டினார்கள், ஆட்சியாளருக்குக் கட்டுப்படாமல் சட்டம் வளர்த்த உலமாக்களைக் காட்டினார்கள். கிணறு, சத்திரம், மதரஸா, மருத்துவமனை என ஊருக்கு வேண்டியதில் பெரும்பங்கு வக்ஃபு சொத்தின் வருமானத்தில் நடந்தது. அலெப்போவில் 1653-ல் இப்ஷீர் பாஷா எழுதிவைத்த வக்ஃபு சொத்தில் ஒரு காப்பிக்கடையும் உண்டு. அறக்கொடையின் பகுதியாகவே ஒரு காப்பிக்கடை! மதத்துக்கு வெளியே, மதத்தை எதிர்த்து வளர்ந்ததுதான் பொதுவெளி என்ற ஐரோப்பிய அனுபவத்தை இங்கே கொண்டுவந்து அளக்க முடியாது. இங்கே பள்ளிவாசலிலிருந்து எழுந்து காப்பிக்கடைக்குப் போனவர், காப்பிக்கடையிலிருந்து எழுந்து தொழுகைக்குப் போனார்.

இனி நம் பக்கம். தமிழ் முஸ்லிம்களின் முதல் பெரும் அச்சுப் பொதுவெளியும் ஒரு காப்பி மலையில்தான் தொடங்கியது. 1882 டிசம்பரில் கண்டியிலிருந்து 'முஸ்லிம் நேசன்' வார இதழை வெளியிட்டார் வழக்கறிஞர் சித்தி லெப்பை. 1869-ல் இலங்கையில் தோன்றிய இலைத்துரு நோய் கண்டி மலைகளின் காப்பியை அழித்துக்கொண்டிருந்த காலம் அது. தமிழகத்திலிருந்து போன கூலித் தொழிலாளர்களின் பிழைப்பு தள்ளாடிய காலம். எகிப்தில் ஆங்கிலேயரை எதிர்த்துத் தோற்ற உராபி பாஷா, இதழ் தொடங்கிய அடுத்த மாதமே நாடுகடத்தப்பட்டு இலங்கை வந்து இறங்கினார். நம் பிள்ளைகள் படிக்க வேண்டும் என்று சித்தி லெப்பை எழுதிவந்ததற்கு உராபியின் வருகை வலு சேர்த்தது. 1892-ல் கொழும்பில் ஸாஹிராக் கல்லூரியாகப் பின்னாளில் வளர்ந்த மதரஸா எழுந்தது. 1883-ல் பினாங்கில் நாகூர்க்காரரான குலாம் காதிர் நாவலர் 'வித்தியா விசாரிணி' நடத்தினார். 1887-ல் சிங்கப்பூரில் மகுதூம் சாயபு 'சிங்கை நேசன்' தொடங்கினார். கண்டி, பினாங்கு, சிங்கப்பூர் என்று கடல் கடந்து, ஒருவரையொருவர் பார்த்திராத வாசகர்கள் ஒரே கேள்விகளை விவாதித்தார்கள்.

அந்த விவாதத்தைப் பள்ளிவாசலின் மிம்பர் மேடைப் படிக்கே கொண்டுபோனவர் பா. தாவூத்ஷா. கீழ்மாந்தூரில் 1885-ல் பிறந்தவர். சப்-மாஜிஸ்திரேட் வேலையை 1921-ல் ஒத்துழையாமை இயக்கக் காலத்தில் உதறினார். 'தத்துவ இஸ்லாம்' என்று தொடங்கி, பிறகு 'தாருல் இஸ்லாம்' என்ற பெயரில் முப்பது ஆண்டுக்கு மேல் இதழ் நடத்தினார். ஜும்ஆ நாளில் குத்பா உரையை அரபியில் மட்டும் ஓதினால் கேட்கும் மக்களுக்கு என்ன விளங்கும், தமிழில் சொல்லுங்கள் என்றார். கடும் எதிர்ப்பு வந்தது. வாரத்துக்கு ஒருமுறை ஊர் ஆண்கள் அத்தனை பேரும் ஒரே கூரையின்கீழ் உட்காரும் இடம் அது. அங்கே சொல்லப்படுவது புரிந்துவிட்டால், கேட்பவன் நாளைக்கு ஒப்புக்கொள்ளவும் செய்வான், மறுக்கவும் செய்வான். ஆ. கா. அப்துல் ஹமீத் பாகவியின் முழுமையான தமிழ் குர்ஆன் மொழிபெயர்ப்பு 1949-ல் வெளிவந்தபோது, அந்தக் கோரிக்கையின் இன்னொரு பாதியும் நிறைவேறியது.

மீலாது விழா மேடைகளும் அப்படியே. 1511-ல் மக்காவில் விளக்கை அணைத்துவிட்டுக் கலைந்தது ஒரு மீலாதுக் கூட்டம். இருபதாம் நூற்றாண்டுத் தமிழகத்தில் மீலாதுக் கூட்டத்தின் மேடையில் பெரியார் பேசினார், அண்ணா பேசினார். கடவுள் மறுப்பாளர் ஒருவரை நபிகளாரின் பிறந்தநாளுக்கு அழைத்து, அவர் பேசுவதைக் கேட்ட சமூகத்துக்குப் பொதுவெளி இல்லை என்று எந்தப் புத்தகம் சொன்னாலும் நான் ஏற்கமாட்டேன்.

ஆனால் அந்தக் காலத்துத் தமிழகத்துக் காப்பி கிளப்பின் கதை வேறு. லண்டன் கடையில் பட்டத்தைக் கழற்றிவைத்துவிட்டு உட்கார்ந்ததாகச் சொல்கிறார்கள். இங்கே சாதியைக் கழற்ற யாரும் தயாராக இல்லை. பிராமணர்களுக்குத் தனி இடம், மற்றவர்களுக்குத் தனி இடம். தாழ்த்தப்பட்டவர்களுக்கு வாசல்கூட இல்லை. ரயில்வே சிற்றுண்டிச் சாலைகளில் இருந்த பிரிவினை 1941-ல் போராட்டத்துக்குப் பிறகே ஒழிந்தது. பெயர்ப் பலகையில் இருந்த 'பிராமணாள்' என்ற சொல்லை அழிக்க 1957-ல் திருவல்லிக்கேணி முரளீஸ் கஃபே வாசலில் பெரியாரின் தொண்டர்கள் நாள்தோறும் மறியல் செய்து சிறை போனார்கள். அதே ஆண்டு, காப்பி வாரியம் மூடத் தொடங்கிய இந்தியா காப்பி ஹவுஸ்களின் வேலையிழந்த ஊழியர்கள், கம்யூனிஸ்ட் தலைவர் ஏ. கே. கோபாலனின் துணையோடு பெங்களூரில் கூட்டுறவுச் சங்கம் அமைத்துத் தாங்களே காப்பி ஹவுஸ் நடத்த முன்வந்தார்கள்.

எல்லாக் காப்பிக்கடைக் கதையிலும் ஒரு பாதிப் பேர் இல்லை. மக்காவிலும் இஸ்தான்புல்லிலும் லண்டனிலும் சென்னையிலும் அவை ஆண்களின் இடங்கள். ஹேபர்மாஸின் பொதுவெளியில் பெண்களும் உழைப்பாளிகளும் எங்கே என்று 1990-ல் நான்சி ஃபிரேசர் கேட்டார். உள்ளே விடாதபோது அவர்கள் தங்களுக்கென வேறு மன்றங்களை எழுப்பிக்கொள்கிறார்கள் என்று அவரே பதிலும் சொன்னார். அந்தப் பதிலுக்கு உயிருள்ள சான்று புதுக்கோட்டையில் இருக்கிறது.

தமிழ் முஸ்லிம் ஊர்களில் ஜமாஅத் என்பது வெறும் தொழுகைக் கூட்டம் அல்ல. திருமணத்தைத் தஃப்தர் பதிவேட்டில் எழுதுவதும், தலாக் வழக்கைக் கேட்பதும், மஹர், வரதட்சிணைச் சண்டையைத் தீர்ப்பதும் அங்கேதான். ஒரு பெண்ணின் வாழ்க்கை அங்கே விசாரிக்கப்படும். அந்தப் பெண் அங்கே இருக்கமாட்டாள். அவளுக்காக வாப்பாவோ காக்காவோ பேச வேண்டும். புதுக்கோட்டையில் 1991-ல் 'ஸ்டெப்ஸ்' அமைப்பைத் தொடங்கிய தாவூத் ஷரீஃபா கானம், 2000-களின் தொடக்கத்தில் தமிழ்நாடு முஸ்லிம் பெண்கள் ஜமாஅத்தை உருவாக்கினார். பல மாவட்டங்களிலிருந்து பெண்கள் வந்து வட்டமாக உட்கார்ந்து, மனுவை வாசித்து, குர்ஆன் வசனத்தையும் நாட்டின் சட்டத்தையும் சேர்த்து வைத்து விவாதித்து, முடிவை எழுதினார்கள். எதிர்த்தரப்பு ஆணுக்குக் கடிதம் போகும். பெண்களுக்கென ஒரு பள்ளிவாசல் வேண்டும் என்றும் கேட்டார்கள். அவர்கள் மார்க்கத்தைத் துறந்து வெளியே போய் நின்று கேட்கவில்லை. மார்க்கத்துக்குள் நின்று, எங்கள் இடம் எங்கே என்றார்கள். 1938-லேயே நாகூரின் சித்தி ஜுனைதா பேகம் 'காதலா கடமையா' நாவலை அச்சேற்றிய சமூகம் இது. 2004-ல் சல்மாவின் 'இரண்டாம் ஜாமங்களின் கதை' வந்த சமூகமும் இதுதான்.

செம்மநத்தம் இந்தக் கணக்கில் எங்கே வருகிறது? சேர்வராயன் மலையின் மலையாளிப் பழங்குடியினருக்குத் தோட்டங்கள் வருவதற்கு முன்பே சொந்த மன்றங்கள் இருந்தன. சேலநாடு, முட்டநாடு, மோகநாடு என்று மூன்று நாடுகளாகப் பிரிந்து, பட்டக்காரர், ஊர்க்கவுண்டர் தலைமையில் வழக்கைப் பேசித் தீர்த்தார்கள். அங்கும் பேசியவர்கள் ஆண்கள். காப்பி வந்த பிறகு நிலம் கைமாறியது. நாட்டு மன்றத்தின் பேச்சு எட்டாத இடத்தில் தோட்ட முதலாளியும் கலெக்டர் கச்சேரியும் முடிவெடுத்தார்கள். கார்த்திகை முதல் தை வரை பழம் பறிக்கும் கூட்டத்தில் பெண்கள்தான் மிகுதி. அவர்கள் பறித்த காப்பி எத்தனையோ ஊர்களில் பேச்சுக்குத் துணையாகியிருக்கிறது. அவர்களுடைய கூலி, அவர்களுடைய பாதை, அவர்களுடைய பட்டா அந்தப் பேச்சில் இடம்பெற நெடுங்காலம் ஆயிற்று.

பழங்குடி ஊர்களின் கிராம சபைக்கு நிலத்தின் மீதும் காட்டு விளைபொருள் மீதும் தனி அதிகாரம் தரும் 1996-ஆம் ஆண்டின் பேசா சட்டம் இந்த மலைக்குப் பொருந்தாது. அரசியலமைப்பின் ஐந்தாம் அட்டவணைப் பகுதிகளுக்கு மட்டுமே அது உரியது; தமிழ்நாட்டில் அப்படி எந்தப் பகுதியும் அறிவிக்கப்படவில்லை. ஏற்காடு சட்டமன்றத் தொகுதி பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்டது. உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்கு என்ற சட்டம் 2016-ல் வந்தது. 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் கிராம சபையிலிருந்துதான் கோரிக்கையைத் தொடங்கச் சொல்கிறது. மலையூர்களில் கிராம சபை கூடும் நாளில் பழம் பறிப்பவர்கள் எழுந்து பட்டாவைப் பற்றிக் கேட்க இப்போது வழி இருக்கிறது. அந்தப் பட்டாக்கள் எப்போது, யாரிடமிருந்து, யாருக்குப் போயின என்பதை அடுத்த பகுதியில் நில ஆவணங்களின் வழியே பார்ப்போம்.

(தொடரும்)